மோரேயில் 122 ஓட்டு

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா (விலகலுக்குத்தான் பிரெக்சிட் என்று பெயர்) என்று பிரிட்டனில் முந்தின நாள் நடந்த வாக்கெடுப்பின் முடிவு வந்த 2016 ஜூன் 24 விடியற்காலையில் பிரிட்டன் வரைபடத்தை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. கீழே இங்கிலாந்தும் வேல்ஸும் பெரும்பாலும் ஒரு நிறம், மேலே ஸ்காட்லாந்து முழுக்க வேறு நிறம். ஸ்காட்லாந்தில் மொத்தம் 32 உள்ளாட்சிப் பகுதிகள், 32-லும் 'ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம்' என்பதுதான் முடிவு. மொத்தத்தில் 62 சதவீதம் இருப்போம், 38 சதவீதம் விலகுவோம். பிரிட்டன் முழுக்க எண்ணியபோது விலகுவோம் என்றவர்கள் 51.9 சதவீதம். ஆக ஸ்காட்லாந்து கேட்காத ஒன்று ஸ்காட்லாந்தின் தலையில் விழுந்தது. எடின்பரோவில் 74 சதவீதத்துக்கு மேல் இருப்போம் என்று போட்டிருந்தார்கள்.

இதைப் பார்த்ததும் கணக்கு ரொம்ப எளிதாகத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனிநாடு கேட்டு நடந்த வாக்கெடுப்பில் 'ஆமாம்' என்றவர்கள் 44.7 சதவீதம், இப்போது ஐரோப்பாவில் இருக்கவேண்டும் என்பவர்கள் 62 சதவீதம், இருவரையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த வாக்கெடுப்பில் தனிநாடு உறுதி என்று அன்றைக்கு எழுதாத பத்திரிகை குறைவு. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எடின்பரோவிலிருந்து தொடங்கினால் விடை கிடைக்காது, வடகிழக்கே மோரே என்ற மாவட்டத்துக்குப் போகவேண்டும். எழுதுவது மோரே, அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிட்டத்தட்ட 'மரி' என்றிருக்கும். விஸ்கி வடிக்கும் ஸ்பே ஆற்றங்கரை, லாசிமவுத் விமானப்படைத் தளம், பக்கி என்ற மீன்பிடித் துறைமுகம் எல்லாம் அங்கேதான். மோரேயில் இருப்போம் என்று விழுந்தது 24,007, விலகுவோம் என்று விழுந்தது 23,885. வித்தியாசம் 122. வரைபடத்தில் மோரேக்கும் எடின்பரோவுக்கும் ஒரே நிறம்தான் பூசியிருந்தார்கள்.

நான் எப்போதும் அந்த 122-ஐத்தான் பிடித்துக்கொள்வேன். 32-க்கு 32 என்ற கோஷம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு உள்ளே மோரே இருந்தது.

கட்சியே மாறி மாறி நின்றது

தனிநாட்டுக்காக நிற்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, சுருக்கமாக எஸ்.என்.பி., இன்றைக்கு ஐரோப்பாவின் செல்லப்பிள்ளை மாதிரிப் பேசும். 1975-ல் அது வேறு கட்சி. பிரிட்டன் அப்போது ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்து இரண்டு வருஷம், தொடரலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தது, எஸ்.என்.பி. வேண்டாம் என்று பிரசாரம் செய்தது. ஸ்காட்லாந்து 58.4 சதவீதம் வேண்டும் என்றது. பிரிட்டன் முழுக்க வேண்டாம் என்று சொன்ன எண்ணிக்கைப் பகுதிகள் இரண்டே இரண்டு, ஷெட்லாந்தும் மேற்குத் தீவுகளும். இரண்டும் ஸ்காட்லாந்தில்தான், இரண்டும் கடலை நம்பிப் பிழைக்கும் இடங்கள்.

கடலோரத்தின் கோபத்துக்குக் காரணம் உண்டு. பொதுச்சந்தையில் சேரப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 1970-ல் அரசு அலுவலகக் குறிப்பு ஒன்றில், பிரிட்டனின் மொத்த நலனை வைத்துப் பார்த்தால் ஸ்காட்லாந்து மீனவர்களை விட்டுக்கொடுக்கலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பிற்காலத்தில் கோப்புகள் திறக்கப்பட்டபோது இது வெளியே வந்தது. அதன் பிறகு பொது மீன்பிடிக் கொள்கை வந்தது, யார் எந்தக் கடலில் எவ்வளவு பிடிக்கலாம் என்பது ஐரோப்பியத் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் முடிவானது. பீட்டர்ஹெட், ஃப்ரேசர்பரோ மாதிரி வடகிழக்கு மீன்பிடி ஊர்களில் இது தாத்தா பேரனுக்குச் சொல்லும் கதை.

எஸ்.என்.பி. மாறியது 1988-ல். லேபர் கட்சியிலிருந்து வந்த ஜிம் சில்லர்ஸ் 'ஐரோப்பாவுக்குள் சுதந்திரம்' என்ற யோசனையைக் கட்சியின் கொள்கையாக்க முன்னின்றார், அதே வருஷம் நவம்பரில் கிளாஸ்கோவின் கோவன் இடைத்தேர்தலில் ஜெயித்தும் காட்டினார். யோசனை புத்திசாலித்தனமானது. தனியாகப் போனால் சின்ன நாடு என்னாகும், சந்தை எங்கே, எல்லையில் சுங்கச்சாவடி போடுவார்களா என்ற பயம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நாமும் ஐரோப்பாவில், இங்கிலாந்தும் ஐரோப்பாவில், நடுவில் எல்லை இருந்தும் இல்லாத மாதிரி. பிரிந்து போவதன் வலியைக் குறைக்கும் மருந்து ஐரோப்பா. இந்த மருந்து வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு, இங்கிலாந்தும் உள்ளேயே இருக்கவேண்டும். 1988-ல் அதை யாரும் நிபந்தனையாகவே நினைக்கவில்லை.

அதே சில்லர்ஸ் 2016-ல் விலகுவோம் பக்கம் நின்றார். தனிநாடும் வேண்டும், ஐரோப்பாவும் வேண்டாம். அவர் தனி ஆள் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

2014: ஐரோப்பா வேண்டுமென்றால் பிரியாதே

2011-ல் எஸ்.என்.பி. 129 இடங்கள் கொண்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 69 பிடித்தது. அந்தத் தேர்தல் முறையே யாருக்கும் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காதபடி விகிதாசாரம் கலந்து அமைக்கப்பட்டது, ஆனாலும் பிடித்துவிட்டார்கள். 2012 அக்டோபர் 15-ல் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனும், எஸ்.என்.பி. தலைவரும் ஸ்காட்லாந்து முதலமைச்சருமான அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்காட்லாந்து சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி, வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரத்தை லண்டன் தற்காலிகமாக எடின்பரோவுக்குக் கொடுத்தது. இந்த 30-ஆவது பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கேள்வி எப்படிக் கேட்பது என்பதிலேயே ஒரு சண்டை. 'ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்கவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று சால்மண்ட் அரசு எழுதிக் கொடுத்தது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று கேட்டால் மனுஷன் தலை ஆமாம் என்றுதான் ஆடும் என்று தேர்தல் ஆணையம் திருத்தியது. கடைசியில் சீட்டில் வந்தது 'ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்கவேண்டுமா?' என்பதுதான். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் குடியிருந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் ஓட்டு. லண்டனுக்குக் குடிபோய்விட்ட ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை. 2016-ல் இந்தச் சலுகைகள் எல்லாம் போயின, 16 வயதுக்கும் ஓட்டு இல்லை, எடின்பரோவில் வேலைபார்க்கும் போலந்துக்காரருக்கும் ஓட்டு இல்லை.

2014 பிரசாரத்தில் ஐரோப்பா யார் கையில் இருந்தது? முழுக்க முழுக்கப் பிரியவேண்டாம் என்றவர்கள் கையில். பிப்ரவரியில் அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோஸோ பிபிசி பேட்டியில், பிரிந்துபோன ஸ்காட்லாந்து சேருவது மிகமிகக் கடினம், முடியாமலே போகலாம் என்றார். செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை ஸ்பெயின் இன்றுவரை ஏற்கவில்லையே என்று உதாரணமும் காட்டினார். அதே மாதம் பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கு வந்து, பவுண்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சே இல்லை என்று கதவைச் சாத்தினார், லேபரும் லிபரல் டெமாக்ரட்டுகளும் பின்பாட்டுப் பாடினார்கள். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, 'ஒன்றாக இருப்போம்' பிரசாரக்காரர்கள் ஒரு ட்வீட் போட்டார்கள்: நம் ஐரோப்பியக் குடியுரிமை எப்படிப் போகும்? ஆமாம் என்று ஓட்டுப் போட்டால் போகும். அந்த ட்வீட்டுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, 2016-க்கு அப்புறம் அதைப் படமெடுத்துப் போடாத தனிநாட்டு ஆதரவாளரே கிடையாது.

எதிர்ப்பக்கம் சால்மண்ட் அரசு 600 பக்கத்தைத் தாண்டும் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தது. ஏற்கெனவே ஐரோப்பாவுக்குள் இருக்கிற நிலப்பரப்புதானே, ஒப்பந்தத்தைத் திருத்தி அப்படியே தொடரலாம் என்பது அதன் வாதம். எண்ணெய் பீப்பாய் 110 டாலரைச் சுற்றி நிற்கும் என்றும் கணக்குப் போட்டிருந்தது. 2016 ஜனவரியில் பீப்பாய் 30 டாலருக்குக் கீழே போனது. தனிநாடு ஆகியிருந்தால் அதே மார்ச்சில்தான் கொடியேற்றியிருக்கவேண்டும். ஆதரவாளர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள், ஆனால் பேசித்தான் ஆகவேண்டும்.

செப்டம்பர் 18. ஓட்டுப் போட்டவர்கள் 84.6 சதவீதம். வேண்டாம் 20,01,926, ஆமாம் 16,17,989. கிளாஸ்கோ, டண்டீ உட்பட நான்கு பகுதிகளில் மட்டும் ஆமாம் ஜெயித்தது. டண்டீயில் 57 சதவீதம். மோரேயில் வேண்டாம் என்றவர்கள் 57 சதவீதத்துக்கு மேல்.

பிறகு காற்று திரும்பியது. 2015 பொதுத்தேர்தலில் தோற்ற பக்கம் முழுக்க எஸ்.என்.பி.க்குப் பின்னால் திரண்டது, 50 சதவீத ஓட்டு, லண்டன் நாடாளுமன்றத்தின் 59 ஸ்காட்லாந்து இடங்களில் 56. பாதி ஓட்டுக்குக் கிட்டத்தட்ட முழு இடமும் கிடைக்கும் முறை அது. அந்த முறை பிற்பாடு திருப்பிக் கொடுத்த அடி இருக்கிறதே, வருகிறேன்.

ஆள் மாற்றம் நடந்தது, ஆள் கூடவில்லை

2016 மே தேர்தல் அறிக்கையில் எஸ்.என்.பி. ஒரு வாசகம் வைத்திருந்தது: சூழ்நிலை பெரிதாக மாறினால், உதாரணமாக ஸ்காட்லாந்தின் விருப்பத்துக்கு மாறாக அதை ஐரோப்பாவிலிருந்து வெளியே இழுத்தால், மறுபடி வாக்கெடுப்பு நடத்தும் உரிமை இருக்கவேண்டும். தேர்தல் முடிந்து ஏழே வாரத்தில் அந்த உதாரணம் நிஜமானது. ஜூன் 24 காலை, சால்மண்டுக்குப் பின் முதலமைச்சரான நிக்கோலா ஸ்டர்ஜன் முதலமைச்சர் இல்லமான பியூட் ஹவுஸில் நின்று, இது ஜனநாயகப்படி ஏற்க முடியாதது, இரண்டாம் வாக்கெடுப்புக்கு வாய்ப்பு மிக அதிகம் என்றார். நாலு நாள் கழித்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எஸ்.என்.பி. உறுப்பினர் அலின் ஸ்மித், ஸ்காட்லாந்து உங்களைக் கைவிடவில்லை, நீங்களும் ஸ்காட்லாந்தைக் கைவிடாதீர்கள் என்று பேசியபோது அவை எழுந்து கைதட்டியது.

ஊரில் நிலைமை வேறு. 2015-ல் எஸ்.என்.பி.க்கு ஓட்டுப் போட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் 2016-ல் விலகுவோம் என்று போட்டவர்கள். இவர்களில் பலருக்கு அது ஒரே கொள்கைதான்: லண்டன் என்னை ஆளக்கூடாது, பிரஸ்ஸல்ஸும் ஆளக்கூடாது. அவர்களிடம் போய், தனிநாடு என்பது ஐரோப்பாவுக்குத் திரும்பும் வழி என்று சொன்னால் என்ன செய்வார்கள்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், 2014-ல் வேண்டாம் என்று போட்ட எடின்பரோ வக்கீலும் பேராசிரியரும் பிரெக்சிட்டால் மனம் வெறுத்து ஆமாம் பக்கம் நகர்ந்தார்கள். ஒரு வாசலில் வந்தார்கள், இன்னொரு வாசலில் போனார்கள். கருத்துக்கணிப்புகளை வருஷக்கணக்காகப் பிரித்துப் பார்த்துவரும் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்ட்டிஸ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: மொத்த எண் 45-ஐ ஒட்டியே நின்றாலும் உள்ளே ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள்.

2017 மார்ச் 13-ல் ஸ்டர்ஜன் இரண்டாம் வாக்கெடுப்புக்கு அனுமதி கேட்கப்போவதாக அறிவித்தார். இது அதற்கான நேரமில்லை என்று அப்போதைய பிரிட்டன் பிரதமர் தெரசா மே மூன்றே நாளில் பதில் சொன்னார். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 69-க்கு 59 என்று தீர்மானம் நிறைவேற்றியது. அப்புறம் தெரசா மே திடீரென்று பொதுத்தேர்தல் அறிவிக்க, ஜூன் 8-ல் எஸ்.என்.பி. 56-லிருந்து 35-க்கு இறங்கியது. ஓட்டில் கிட்டத்தட்ட 4.77 லட்சம் காணாமல் போனது. எங்கே போனது என்று பாருங்கள். கார்டன் தொகுதியில் சால்மண்டே தோற்றார். ஃப்ரேசர்பரோ அடங்கிய பான்ஃப் அண்ட் பக்கன், சால்மண்ட் 23 வருஷம் வைத்திருந்த பழைய கோட்டை, கன்சர்வேட்டிவ் கைக்குப் போனது. மோரேயில் கட்சியின் லண்டன் நாடாளுமன்றத் தலைவர் ஆங்கஸ் ராபர்ட்சன் தோற்றார், ஜெயித்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் டக்ளஸ் ராஸ். 122 ஓட்டு மோரேதான். 32-க்கு 32 என்ற வரைபடம் மறைத்துவைத்திருந்த ஊர்கள் ஒரு வருஷத்துக்குள் கணக்கைத் தீர்த்துவிட்டன.

மருந்தே நோயானது

2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் சட்டப்படி வெளியேறியது, அந்த வருஷக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையையும் விட்டது. ஸ்காட்லாந்து நாடாளுமன்ற வாசலில் மட்டும் ஐரோப்பியக் கொடியை இறக்கமாட்டோம் என்று வாக்கெடுத்து முடிவு செய்து பறக்கவிட்டார்கள்.

2021 ஜனவரியில் முதல் வாரங்களில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்காட்லாந்து மேற்குக் கடலோரத்தில் லங்குஸ்டின் பிடிக்கிறார்கள், நம்மூர் சிங்கிறாலுக்குச் சின்னத் தம்பி மாதிரி. அதை ஊர்க்காரர்கள் அதிகம் சாப்பிடுவதில்லை, பெரும்பகுதி பிரான்ஸ், ஸ்பெயின் சந்தைக்குத்தான், அதுவும் உயிரோடு போனால்தான் விலை. சின்ன வியாபாரி ஒருவரால் ஒரு முழு லாரி நிரப்ப முடியாது, பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து ஒரே லாரியில் ஏற்றுவார்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகு ஒவ்வொருவர் சரக்குக்கும் சுகாதாரச் சான்று, சுங்கப் படிவம். பத்தில் ஒருவர் காகிதத்தில் ஒரு பிழை இருந்தாலும் லாரி முழுக்க நிற்கும். லார்க்கால் என்ற ஊரில் இருந்த சரக்கு மையத்தில் அப்படித்தான் நின்றன, சேர்ப்புச் சரக்கு ஏற்றுமதியையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். ஜனவரி 18-ல் கடலுணவு லாரிகள் லண்டன் வைட்ஹாலுக்கே ஓட்டிப்போய்ப் போராட்டம் நடத்தின.

இதைப் பார்த்து, பிரெக்சிட் எவ்வளவு கெடுதல் என்று தெரிந்துபோச்சு, இனி தனிநாடு ஜெயிக்கும் என்றார்கள் ஆதரவாளர்கள். அந்த லாரியே எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஐரோப்பாவுடன் எல்லை போட்டால் இவ்வளவு வலி என்றால், இங்கிலாந்துடன் எல்லை போட்டால்? 2019 கணக்குப்படி ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் சுமார் 60 சதவீதம் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குப் போகிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 19 சதவீதம். தனிநாடாகி ஐரோப்பாவில் சேர்ந்தால் ஒற்றைச் சந்தையின் வேலி கிரெட்னாவுக்கும் பெரிக்குக்கும் நடுவே, 150 கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லையில் வந்து நிற்கும். 2022 அக்டோபரில் ஸ்டர்ஜன் அரசே வெளியிட்ட பொருளாதார அறிக்கையில், இங்கிலாந்து போகும் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளில் சரக்குச் சோதனை நடக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நேர்மையாக எழுதினார்கள், அதற்காகப் பாராட்டலாம். ஆனால் 1988-ல் சில்லர்ஸ் கொடுத்த மருந்தின் ஒரே குணம் எல்லை இல்லாமல் செய்வதுதானே. இங்கிலாந்து வெளியே போனதும் அந்த மருந்தே எல்லையைக் கொண்டுவந்தது. பிரெக்சிட் பிரிவதற்குக் காரணத்தைப் பலமாக்கியது, பிரியும் வழியையும் அதே அளவு கரடாக்கியது. ஸ்காட்லாந்து அரசியலில் கடந்த பத்து வருஷமாக நடக்கிற இழுபறி முழுக்க இதற்குள் அடக்கம் என்பது என் எண்ணம்.

காசு விஷயமும் இருக்கிறது. அதே அறிக்கை, முதலில் பவுண்டையே வைத்துக்கொள்வோம், பிறகு சொந்த ஸ்காட்டிஷ் பவுண்டு என்றது. புது உறுப்பினர் யூரோவில் சேர ஒப்புக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஸ்வீடன் மாதிரி இழுத்தடிக்கலாம் என்பது நடைமுறை, ஆனால் இன்னொரு நாட்டு நாணயத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டால் பிரஸ்ஸல்ஸ் முகத்தைச் சுளிக்காமல் இருக்காது. ஸ்காட்லாந்து அரசின் சொந்தக் கணக்குப்படி 2023-24 பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10.4 சதவீதம், ஐரோப்பிய வரம்பு 3. இப்போதுள்ள அமைப்பில் லண்டனோடு சேர்ந்து வரும் எண் அது, தனிநாட்டில் வேறு மாதிரி இருக்கும் என்பது எஸ்.என்.பி. பதில். இருக்கலாம், ஆனாலும் 10-ஐ 3 ஆக்குவது ஒரு பட்ஜெட்டில் முடிகிற வேலை இல்லை.

ஸ்பெயின் தடுக்கும் என்ற பேச்சை மட்டும் நான் பெரிதாக எடுப்பதில்லை. 2018-ல் வெளியுறவு அமைச்சர் போரெல், லண்டன் ஒப்புதலோடு பிரிந்தால் தடுக்கமாட்டோம் என்றே சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் எடின்பரோவில் இருந்த ஸ்பெயின் தூதரக அதிகாரி அதே விஷயத்தைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுத, அவர் வேலை போனது. அமைச்சர் சொன்னால் கொள்கை, அதிகாரி சொன்னால் குற்றம்! கதலோனியாவும் பிரிந்துபோகுமோ என்ற பயம் ஸ்பெயினுக்கு.

நீதிமன்றத்தில் 30-ஆவது பிரிவு

2020-ல் கொரோனா காலத்தில் ஸ்டர்ஜன் தினமும் டிவியில் தோன்றி நிதானமாகப் பேச, அந்தப் பக்கம் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், தனிநாட்டு ஆதரவு ஏறத் தொடங்கியது. அக்டோபரில் இப்சாஸ் மோரி கணிப்பில் 58 சதவீதம் வரை போனது. 2021 மே தேர்தலில் எஸ்.என்.பி. 64, பசுமைக் கட்சி 8, இரண்டும் தனிநாட்டு ஆதரவு, அவையில் தெளிவான பெரும்பான்மை. ஆனால் அனுமதி கொடுக்கவேண்டியது லண்டன், ஜான்சன் 2020-லேயே முடியாது என்று கடிதம் எழுதிவிட்டார்.

சரி, அனுமதி இல்லாமலே நடத்தினால்? 2022 ஜூனில் ஸ்டர்ஜன் தேதியே குறித்தார், 2023 அக்டோபர் 19. மசோதா சபையின் அதிகாரத்துக்குள் வருமா என்று அரசின் தலைமை வழக்கறிஞர் டோரதி பெய்ன் நேராக உச்ச நீதிமன்றத்தையே கேட்டார். வாதம் இதுதான்: இந்த வாக்கெடுப்பு ஆலோசனை மட்டுமே, முடிவு வந்தாலும் சட்டப்படி தானாக எதுவும் மாறாது, அதனால் லண்டனுக்கென்று ஒதுக்கப்பட்ட 'ஒன்றியம்' (ஐரோப்பிய ஒன்றியம் இல்லை, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேர்ந்திருக்கும் இணைப்பு) என்ற விஷயத்தை இது தொடாது. நவம்பர் 23-ல் ரீட் பிரபு ஐந்து நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பைப் படித்தார். தானாக மாறாவிட்டாலும் அந்த முடிவுக்கு அரசியல் கனம் இருக்கும், ஒன்றியத்தோடு அதற்கு உள்ள தொடர்பு போகிறபோக்கில் ஒட்டிக்கொண்டது இல்லை, ஆகவே அதிகாரம் கிடையாது.

தமிழ் வாசகருக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதி தனியாகக் கண்ணில் படும். எஸ்.என்.பி. கட்சி தன் பங்குக்குச் சுயநிர்ணய உரிமையை முன்வைத்தது. நம் செவிக்கு எவ்வளவு ரத்தம் தோய்ந்த சொல் அது. நீதிமன்றம், கியூபெக் மாகாணம் பிரிவது பற்றிய கனடாவின் 1998 தீர்ப்பை எடுத்துக்காட்டி, அந்த உரிமை பிரிந்துபோகும் உரிமையாக மாறுவது காலனிக்கும், அந்நிய ஆதிக்கத்தில் ஒடுக்கப்பட்டவருக்கும், ஆட்சியில் பங்கே மறுக்கப்பட்டவருக்கும்தான், ஸ்காட்லாந்து இதில் எதிலும் வராது என்றது. ஸ்காட்லாந்துக்காரர் பலருக்கே இதில் மறுப்பில்லை, தாங்கள் ஒடுக்கப்பட்டவர்கள் என்று அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் கேட்டது வேறு: சேர்ந்து இருப்பது விருப்பத்தின் பேரில்தான் என்றால், விருப்பம் மாறிவிட்டதா என்று கேட்க வழி எங்கே? அதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை, இருக்கவேண்டிய இடமும் அது இல்லை. 30-ஆவது பிரிவின் சாவி லண்டனில் இருக்கிறது, எந்தச் சூழ்நிலையில் திறப்போம் என்று லண்டன் இதுவரை எழுதி வைக்கவில்லை.

அதன்பின் சரிவு வேகமாக வந்தது. 2023 பிப்ரவரியில் ஸ்டர்ஜன் விலகினார், கட்சி நிதி பற்றிய போலீஸ் விசாரணை வந்தது, ஹம்சா யூசஃப் ஒரு வருஷம் சொச்சம் இருந்து பசுமைக் கட்சியோடு முறித்துக்கொண்டு பதவி இழந்தார், 2024 மேயில் ஜான் ஸ்வின்னி வந்தார். ஜூலை 4 பொதுத்தேர்தலில், 59-லிருந்து குறைந்திருந்த 57 ஸ்காட்லாந்து இடங்களில் எஸ்.என்.பி.க்கு வெறும் 9. ஓட்டு 30 சதவீதம். பாதி ஓட்டுக்கு முழு இடம் கொடுத்த அதே முறை, முப்பது சதவீத ஓட்டுக்கு ஆறில் ஒரு பங்கு இடத்தைக்கூட முழுசாகக் கொடுக்கவில்லை. அந்த மாதங்களிலும் தனிநாட்டு ஆதரவு மட்டும் 45-க்கும் 50-க்கும் நடுவிலேயே கிடந்தது. கட்சி விழுந்தது, கோரிக்கை விழவில்லை, எழவும் இல்லை.

விழுந்த இடங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2014-ல் ஆமாம் என்று சொன்ன கிளாஸ்கோவில் ஆறு தொகுதியும் லேபருக்கு. எஸ்.என்.பி. தப்பிப் பிழைத்த ஒன்பதில் பெரும்பாலானவை வடகிழக்கில், 2014-ல் வேண்டாம் என்று சொன்ன பக்கங்களில். ஃப்ரேசர்பரோவும் மோரேயின் கிழக்குப் பகுதியும் சேர்ந்த புதுத் தொகுதியில் டக்ளஸ் ராஸ் நின்றார், 942 ஓட்டில் தோற்றார். பிரெக்சிட் ஓட்டுகளில் ஒரு பங்கை பிரெக்சிட் ஆதரவுக் கட்சியான ரிஃபார்ம் பிரித்துக்கொண்டது, நடுவில் புகுந்து எஸ்.என்.பி. ஜெயித்தது. ஐரோப்பாவுக்குத் திரும்புவோம் என்ற கட்சிக்கு ஸ்காட்லாந்திலேயே அதிகம் பிரெக்சிட் கேட்ட கடலோரம் கிடைத்தது இப்படி.

2025 மே 19-ல் பிரதமர் ஸ்டார்மர் ஐரோப்பிய ஒன்றியத்தோடு புது உடன்பாடு கண்டார். உணவுப் பொருளுக்கான சுகாதாரச் சான்றுத் தொல்லையைக் குறைக்க ஒப்புதல், அதோடு ஐரோப்பியப் படகுகள் 2038 வரை, அதாவது 2026-ல் முடியவேண்டிய ஏற்பாட்டுக்கு மேல் 12 வருஷம், பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கலாம். லார்க்காலில் லாரி நின்றுபோன ஏற்றுமதிக்காரருக்கு நிம்மதி, படகு வைத்திருப்பவருக்குக் கொதிப்பு. ஸ்வின்னி அரசு மீனவர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று லண்டனைத் திட்டியது. அப்படியானால் நீங்கள் சேரவிரும்பும் ஒன்றியத்தின் பொது மீன்பிடிக் கொள்கை என்று கேட்டால், அப்போது பேரம் பேசும் மேஜையில் நாங்களே உட்கார்ந்திருப்போம் என்கிறார்கள். பக்கியிலும் ஃப்ரேசர்பரோவிலும் இதை யாரும் இன்னும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.